நீளக் கணக்கு போதாது, மட்டக் கணக்கு வேண்டும்

2022 நவம்பரில் ஒரே நாளில் சீர்காழியில் 44 செ.மீ. மழை கொட்டியது. ஓர் ஏக்கர் வயலில் மட்டும் இது ஏறத்தாழ 17.8 லட்சம் லிட்டர் தண்ணீர். அப்படிப்பட்ட ஒரு நாளை எந்த வடிகாலும் தாங்காது. அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் காவிரி டெல்டாவில் சம்பாவும் தாளடியும் அழிவது அத்தகைய பெருமழைகளில் மட்டும் அல்ல. எட்டு, பத்து செ.மீ. பெய்யும் சாதாரண வடகிழக்குப் பருவமழைக்கே திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்கிறது. மழை விட்டு வெயில் அடித்த பிறகும் வயலில் தண்ணீர் நிற்கிறது என்றால், அது வானத்தின் கோளாறு அல்ல. தண்ணீர் வெளியேறுவதற்கான மட்டத்தை நாம் அமைத்துக் கொடுக்கவில்லை என்பதே பொருள்.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுவதற்கு முன்பாக ஆண்டுதோறும் கோடையில் சிறப்புத் தூர்வாரும் பணி நடக்கிறது. 2022-இல் அதற்கு 80 கோடி ரூபாய் ஒதுக்கி, சுமார் 5,000 கி.மீ. நீளத்துக்கு ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர் வாரினார்கள். பெரிய கால்வாய்களை நீர்வளத் துறையும், ‘சி’, ‘டி’ பிரிவு வாய்க்கால்களை வேளாண் பொறியியல் துறையும் கவனிக்கின்றன. நல்ல பணிதான். ஆனால் அதன் சாதனை கிலோமீட்டரில் சொல்லப்படுகிறது. மக்களாகிய நாமும் அதையே கேட்கிறோம். தண்ணீருக்குக் கிலோமீட்டர் தெரியாது, சரிவுதான் தெரியும். மேல் பகுதியில் ஆழமாகத் தோண்டிவிட்டுக் கீழ்ப் பகுதியை மேடாக விட்டால், புதிதாக வெட்டிய வடிகாலே நீண்ட குட்டையாகிவிடும். அள்ளிய மண்ணைக் கரையில் குவித்துவிட்டால், வயலிலிருந்து வடிகாலுக்குள் இறங்கும் வாய் அடைபடும். இரண்டும் நடந்த இடத்தில் தூர் வாரிய நீளம் கணக்கில் ஏறும், வயல் நீர் ஓரங்குலமும் இறங்காது. வடிகாலின் அடிமட்டம் ஒவ்வொரு நூறு மீட்டரிலும் எவ்வளவு இருக்க வேண்டும், பணி முடிந்தபின் எவ்வளவு இருந்தது என்ற இரண்டு எண்களே உண்மையான கணக்கு.

இதே மட்டப் பிரச்சினை வயலுக்குள்ளும் இருக்கிறது. ஆசிய நெல் வயல்களில் ஒரே வயலின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சராசரியாக 16 செ.மீ. வித்தியாசம் இருப்பதாகச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மேட்டுப் பகுதி நனைய வேண்டும் என்று தண்ணீர் கட்டினால் பள்ளத்தில் அரை முழம் நிற்கும். கடைமடையில் இப்போது நேரடி விதைப்பு பெருகியிருக்கிறது. முளைக்கும் விதைக்கு நாலு நாள் தேங்கிய நீரே எமன். பூக்கும் பருவத்திலும் கதிர் முற்றும் பருவத்திலும் தேங்கினால் பதராகும், சாயும், கதிரிலேயே நெல் முளைக்கும். சிஆர் 1009 சப் 1 போன்ற, வெள்ளத்தைத் தாங்கும் ரகங்கள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். அவற்றில் உள்ள சப் 1 மரபணு, வளரும் பயிர் முழுக்க மூழ்கினால் இரண்டு வாரம் வரை உயிரைப் பிடித்துவைக்கும். முளைக்கும் விதையையோ அறுவடைக்கு நிற்கும் கதிரையோ அது காப்பாற்றாது. சம்பாவுக்குப் பின் வரும் உளுந்து, பயறுக்கும் இதே கதைதான். அறுவடைக்குச் சில நாள் முன்பு ஈர வயலில் தெளிக்கும் விதை, பள்ளத்தில் அழுகி, மேட்டில் காய்ந்து, நடுவில் மட்டும் முளைக்கிறது. டெல்டா விவசாயிக்குக் கையில் காசு பார்க்கக் கிடைக்கும் இரண்டாம் வாய்ப்பு இப்படியே பாதியாகிறது.

பரம்படிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லையா என்றால், இருக்கிறது. அது அறிவார்ந்த வழக்கமும்கூட. தேங்கிய நீரின் பரப்பையே மட்டக்கோலாகக் கொண்டு சேற்றை இழுப்பது. ஆனால் அது ஒரு வரப்புக்குள் அடங்கும் வேலை. டிராக்டர் வந்தபின் சேறு மூலைகளில் ஒதுங்குகிறது. பெல்ட் வைத்த அறுவடை இயந்திரம் ஈர வயலில் பள்ளத் தடம் பதித்துவிட்டுப் போகிறது. இந்த இடத்தில்தான் லேசர் சமன்படுத்தும் கருவி உதவுகிறது. முக்காலியில் சுழலும் லேசர் ஒரு சம தளத்தைக் காட்டும். டிராக்டர் இழுக்கும் வாளியின் கம்பத்தில் உள்ள உணரி அதைப் படித்து, வாளியை ஏற்றியும் இறக்கியும் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டும். ஒன்றிரண்டு செ.மீ. துல்லியம் கிடைக்கும். 2001 வாக்கில் மேற்கு உத்தரப் பிரதேசத்துக்கு வந்த இந்தக் கருவி, பஞ்சாப், ஹரியாணாவில் வாடகைக்கு ஓடும் சாதாரண இயந்திரமாகிவிட்டது. நெல்லுக்குப் பாய்ச்சும் நீரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாவதை அங்கே செய்த ஆய்வுகள் காட்டின. கம்போடியாவில் செய்த சோதனைகளில் சமன் செய்த வயல்களின் விளைச்சல் சராசரியாக 24 சதவீதம் கூடியது.

ஆனால் சமன்படுத்துவதே வடிகால் ஆகிவிடாது. இதைக் கவனிக்காமல் டெல்டாவில் லேசர் கருவிகளை இறக்குவது வீண் செலவு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில நெல் விவசாயிகள் சில வயல்களைச் சரிவே இல்லாமல் தட்டையாக்கினார்கள். நெல்லுக்கு அது மிக வசதி. ஆனால் அந்த வயல்களில் மழைநீர் மெதுவாக வடிவதால் சோயா போன்ற மாற்றுப் பயிர் எடுப்பது கடினமாயிற்று. பஞ்சாபில் சமன்படுத்தலின் நோக்கம் நீர்ச் சிக்கனம். நமக்கு ஜூலையில் நீரைச் சீராகப் பரப்பவும் வேண்டும், நவம்பரில் விரைவாக வெளியேற்றவும் வேண்டும். ஆகவே நூறு மீட்டர் நீள வயலுக்கு ஐந்து செ.மீ. இறக்கம், அந்த இறக்கம் முடியும் ஓரத்தில் ஒரு சிறு வடி, அங்கிருந்து பலகை போட்டு அடைக்கக்கூடிய ஒரு மடை என்று வடிவமைக்க வேண்டும். களிமண் கனத்த நம் வயல்களில் நீர் கீழே இறங்குவது மிகச் சொற்பம். அதனால் மேற்பரப்பின் வடிவமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கணக்கு போட்டால் இது கைக்கு அடங்காத காரியமும் அல்ல. நூறு ஏக்கர் தொகுதியில் தேங்கிய பத்து செ.மீ. நீரை மூன்று நாளில் வெளியேற்ற விநாடிக்குச் சுமார் 155 லிட்டர் ஓடினால் போதும். அடி அகலம் முக்கால் மீட்டர், அரை மீட்டர் ஆழத்துக்கு நீர், இரண்டு கி.மீ.க்கு ஒரு மீட்டர் சரிவு உள்ள சுத்தமான மண் வாய்க்கால் அதைக் கொண்டுபோய்விடும். அதே வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டினால் ஓட்டம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஒரு கிராமத்தின் பயிர் பிழைப்பது இவ்வளவு சிறிய அளவுகளில் தொங்குகிறது. ஆனால் அந்த அளவுகள் எந்தக் கிராமத்திலும் எழுதி வைக்கப்படவில்லை. நம் புலப்படங்களில் ஒவ்வொரு வயலுக்கும் எல்லை உண்டு, நீள அகலம் உண்டு, உயரம் இல்லை. இரண்டு நூற்றாண்டு காலமாக வரி விதிக்கவும் வழக்கு தீர்க்கவும் நிலத்தை அளந்த நாம், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதற்காக அளக்கவில்லை. டெல்டாவின் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு மட்ட வரைபடம் வேண்டும். டிரோனும் செயற்கைக்கோள் நிலை அளவைக் கருவியும் உள்ள காலத்தில் அறுவடை முடிந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில் இதைச் செய்துவிட முடியும்.

மாநிலத்தில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரிப் பரப்பு முக்கால் ஹெக்டேர், அதுவும் துண்டு துண்டாக, இதில் லேசர் வாளி எங்கே திரும்பும் என்பது நியாயமான கேள்வி. ஒரு பட்டாவை மட்டும் எடுத்துச் செய்தால் திரும்பாதுதான். அப்படிச் செய்தால் ஒருவர் நிலத்து நீர் அடுத்தவர் தலையில் விழும், சண்டையும் வரும். ஒரே மடையில் பாய்ந்து ஒரே வடிகாலில் இறங்கும் வயல்கள் அனைத்தையும் ஒரே தொகுதியாக எடுக்க வேண்டும். கேரளத்தின் குட்டநாட்டில், கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் நிலத்தில், பாடசேகரம் என்ற தொகுதி முழுவதும் சேர்ந்து நீரை இறைக்கிறது, சேர்ந்து விதைக்கிறது. அங்கேயும் சிறு விவசாயிகள்தான். வரப்பைக் கலைத்தால் எல்லை போய்விடும் என்ற அச்சத்துக்கு, அளந்து கல் நட்டு, பணி முடிந்ததும் அதே கோட்டில் வரப்பை எழுப்பித் தருவதே பதில். இதைவிடக் கடினமானது குத்தகைச் சிக்கல். கோயில், மடங்களின் நிலம் மிகுந்த இந்தப் பகுதியில் உழுபவர் தன் பணத்தை மண்ணில் போடத் தயங்குவார். அங்கே செலவை நில உடைமையாளரான நிறுவனமும் அரசும் ஏற்க வேண்டும்.

கடலோரக் கிராமங்கள் எழுப்பும் கேள்வி வேறு. முகத்துவாரம் மணலால் அடைபட்டு, அலை ஏறும் நேரத்தில் கடல் நீர் எதிர்த்து வரும்போது வயலில் சரிவு வைத்து என்ன பயன்? வெண்ணாறு உபவடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால் ஆகியவற்றைச் சீரமைக்கும் பணி இந்தச் சிக்கலுக்காகவே எடுக்கப்பட்டது. ஆறு சீரானாலும், அலை இறங்கும் சில மணி நேரத்துக்குள் வயல் நீர் ஆற்றை எட்டியாக வேண்டும். வயல் மெதுவாக வடிந்தால் அந்த நேரம் வீணாகும். எந்தச் சரிவும் உதவாத தாழ்நிலத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தில் மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கேனிங் டவுன் நிலையம் நிலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைக் குளமாக வெட்டி, அந்த மண்ணால் மீதியைப் படிப்படியாக உயர்த்தும் முறையைப் பரப்பியிருக்கிறது. உயர்ந்த மேட்டில் காய்கறி, தாழ்ந்த படியில் நெல், குளத்தில் மீனும் மழைநீரும். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துத் தாழ்நிலங்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

காவிரி நீருக்காக வழக்காடும் டெல்டா, வந்த நீரை வடித்துவிடலாமா என்பது மனத்தைத் தொடும் எதிர்ப்பு. மூழ்கிய நாற்று அந்த நீரைக் குடிப்பதில்லை. களிமண்ணும் அதை நிலத்தடிக்கு அனுப்புவதில்லை. பலகை மடை உள்ள வயலில் வேண்டும்போது நிறுத்தலாம், வேண்டாதபோது விடலாம், வடிந்ததைத் தொகுதியின் குளத்தில் சேர்க்கலாம். குறுவைக்குத் தண்ணீர் குறையும் ஆண்டில், மேடு பள்ளமற்ற வயல்தான் குறைந்த நீரில் ஒப்பேறும்.

நான் கவலைப்படுவது மேல்மண்ணைப் பற்றித்தான். ஓர் ஏக்கரில் ஒரு செ.மீ. மண் என்றால் 40 கன மீட்டர். சராசரியாக மூன்று செ.மீ. வெட்டினாலே 120 கன மீட்டர் இடம் மாறும். அவசரமாக வெட்டி, சத்தில்லாத அடிமண்ணையும் சில இடங்களில் உவரையும் மேலே கொண்டுவந்துவிட்டால் இரண்டு மூன்று போகம் விளைச்சல் விழும். ஆழமாக வெட்ட வேண்டிய இடத்தில் மேல்மண்ணை ஒதுக்கி வைத்து, வேலை முடிந்ததும் மீண்டும் பரப்ப வேண்டும். அதுவும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதிப்பது நல்லது. ஆனால் மட்டம் பார்க்காமல் ஒருவர் தன் வயலை மட்டும் வண்டலால் உயர்த்தினால் பக்கத்து வயல் குளமாகும்.

2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தபோது அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. அந்த நிவாரணம் தேவையானது. ஆனால் அடுத்த மழைக்கு மறுபடியும் கொடுக்க வேண்டியது. முறையாக வடிவமைத்த வயலோ, கவனமாக உழுதால் பல ஆண்டு நிலைக்கும். வேளாண் பொறியியல் துறையிடம் இயந்திரங்களை வாடகைக்கு விடும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. டெல்டா மாவட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு நூறு ஏக்கர் தொகுதியை எடுத்து, வரும் கோடையில் முதலில் மட்டம் பார்த்து, பிறகு வடிகாலை அந்த மட்டத்துக்கு வெட்டி, கடைசியாக வயலுக்குச் சரிவு கொடுக்கட்டும். வரிசை மாறக் கூடாது. இவ்வாண்டுத் தூர்வாரும் ஒப்பந்தங்களிலேயே நீளத்தோடு அடிமட்டத்தையும் சேர்த்து எழுதி, பணி முடிந்தபின் அளந்த மட்டத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டலாம். அதற்குப் புதிய நிதி ஒதுக்கீடோ புதிய சட்டமோ தேவையில்லை.