இரவு விமானமும் உடுப்பு மரியாதையும்

ஆகாய விமானத்தில் ஏறுகின்றவர்கள் பைஜாமாவும் வீட்டுச் செருப்புமாக வந்து நிற்கக்கூடாதென்றும், மரியாதையாய் உடுத்தி வரவேண்டுமென்றும், 2025 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்து மந்திரி ஷான் டஃபி என்பவர் ஜனங்களுக்குப் புத்தி சொன்னார். பிரயாணத்தின் பொற்காலத்தை இப்படித் திரும்பக் கொண்டுவர வேண்டுமாம். பக்கத்திலிருப்பவரிடம் மரியாதையாய்ப் பேசு, கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பெட்டியைத் தூக்கி வைத்துக் கொடு என்று அவர் சொன்னதில் நமக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை. ஆனால் இராத்திரி முழுவதும் உட்கார்ந்துகொண்டே தூங்க வேண்டிய ஒருவன் பைஜாமா உடுத்துவதற்கும் மரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் நமது கேள்வி.

பொற்காலம் என்கின்றார்களே, அது எது? 1939-ல் பான் அமெரிக்கன் கம்பெனியார் போயிங் 314 என்னும் நீர்விமானத்தை அட்லாண்டிக் சமுத்திரத்தின்மேல் ஓட்டினார்கள். ஒரு வழிக் கட்டணம் 375 டாலர். அதில் சாப்பாட்டுக் கூடம் உண்டு. இராத்திரியில் ஆசனங்கள் படுக்கையாக மாறும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே உடை மாற்றும் அறையும் உண்டு. அந்த அறை எதற்காக? கோட்டும் கழுத்துப்பட்டையும் கட்டிக்கொண்டு தூங்குவதற்கா? சீமான்கள் அவற்றைக் கழற்றிவிட்டு இராத்துணி உடுத்திப் படுப்பதற்குத்தானே!

இன்றைக்குந்தான் என்ன? எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதலிய கம்பெனிகளின் நெடுந்தூர விமானங்களில் முதல் வகுப்புக்காரருக்குக் கம்பெனியாரே பைஜாமாவை மடித்துக் கையில் கொடுத்து, படுக்கையையும் விரித்துப் போடுகின்றார்கள். முன்னால் படுத்திருப்பவர் உடுத்தினால் உபசாரம். பின்னால் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பவன் அதே துணியைத் தன் காசில் வாங்கி உடுத்தி வந்தால் அவமரியாதை! இந்த நியாயத்திற்கு டிக்கெட்டு விலையைத் தவிர வேறு ஆதாரம் உண்டா என்று கேட்கின்றோம். 1978-ல் அமெரிக்க சர்க்கார் கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்துவிடச் சட்டம் செய்தபிறகு கம்பெனிகளுக்குள் போட்டி மிகுந்து, சாதாரண ஜனங்களும் ஏராளமாய் விமானம் ஏறலானார்கள். பழைய காலம் போயிற்றே என்று ஏங்குகின்றவர்களில் சிலருக்கு உறுத்துவது அதுவாகவும் இருக்கலாம்.

நிற்க. என்ன உடுத்துவது என்பதை ஊராரின் கண்ணை வைத்துத் தீர்மானிக்காமல், உடம்பு படும் பாட்டை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். விமானம் முப்பது நாற்பதாயிரம் அடிக்குமேல் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று, 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையின் காற்றுக்குச் சமானமாக வைக்கப்படுகின்றது. அதாவது உதகமண்டலத்தில் விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல. அந்த உயரத்தில் வயிற்றுக்குள் இருக்கும் வாயு கால் பங்கு அளவுக்கு விரிகின்றது. இறுக்கமான கால்சட்டையும் தோல் வாரும் கட்டியவன் நள்ளிரவில் நெளிவது இதனால்தான். காற்றின் ஈரமோ நூற்றுக்கு இருபதுக்கும் கீழே போய்விடும். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதால் பாதம் வீங்கும்; புது பூட்சை அன்றைக்கென்று வாங்கிப் போட்டவன் அதைக் கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது.

நாலு மணி நேரத்துக்குமேல் அசையாமல் பிரயாணம் செய்தால் இரத்தக் குழாயில் கட்டி உண்டாகும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகின்றதென்றும், ஆனாலும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகின்றதென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2007-ல் வெளியிட்டது. ஆகவே பயப்பட வேண்டியதில்லை. எழுந்து நடக்கத் தோதான தொளதொள உடுப்பு வேண்டும். முழங்கால் வரை அழுத்திப் பிடிக்கும் மேஜோடு, வெளிக்குத் தெரியாத கட்டிகளைக் குறைப்பதாகப் பரிசோதனையில் கண்டிருக்கின்றார்கள். முன்பே அந்த நோய் கண்டவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வீட்டுச் செருப்பு கூடாது என்று மந்திரி சொன்னது சரியே, காரணந்தான் தப்பு. 2024 ஜனவரி 2-ந் தேதி டோக்கியோ ஹனேடா நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தீப்பற்றியபோது உள்ளே இருந்த 379 பேரும் சறுக்குப் பாதை வழியாய் உயிரோடு வெளியே வந்தார்கள். அப்படிப்பட்ட சமயத்தில் காலில் நிற்காத செருப்பினால் என்ன பிரயோஜனம்? காலோடு பொருந்திய ஜோடு வேண்டும். விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் அதைக் கழற்றக்கூடாது. நைலான் துணி சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் கம்பளியும் அப்படி உருகுவதில்லை.

இனி நம்மவர்கள் சங்கதி. அமெரிக்காவிலிருக்கும் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கச் சென்னையிலிருந்து புறப்படும் தாயார் துபாய்க்கு நாலு மணி நேரம், அங்கிருந்து நியூயார்க்குக்குப் பதினாலு மணி நேரம் உட்கார வேண்டும். அந்த அம்மாளுக்குப் பட்டுப்புடவையைச் சுற்றி, பத்து ஊசி குத்தி, கை நிறைய வளையலும் அடுக்கி அனுப்புகின்றார்கள். ஏனென்றால் வழியனுப்ப வந்த இருபது பேர் பார்க்க வேண்டுமல்லவா! அவர்கள் பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சரிகை உறுத்திக்கொண்டு சமுத்திரத்தைத் தாண்ட வேண்டியது அந்த அம்மாள். பழகிய பருத்திச் சேலை போதும். அல்லது அவருக்கு இஷ்டமிருந்தால் சுடிதார் உடுத்தட்டும். "இந்த வயதில் சுடிதாரா?" என்று கேட்கின்றவர்கள் அவருக்குப் பதிலாகப் பதினாலு மணி நேரம் உட்காரத் தயாரா?

தகப்பனார் விஷயமும் அப்படியே. குடியேற்ற அதிகாரி பார்ப்பது காகிதங்களை. கோட்டு இல்லையென்று திருப்பி அனுப்பும் சட்டம் எதுவுமில்லை. வேட்டி தூக்கத்தில் அவிழுமென்று பயந்தால் தளர்ந்த நிஜார் போடலாம். வெட்கத்தினால் வேட்டியை விட வேண்டியதில்லை. கோட்டுப் போட்டால் மேல் வகுப்பு கிடைக்குமென்பது சகுனம் பார்ப்பதைச் சேர்ந்த நம்பிக்கை. அது பெரும்பாலும் அடிக்கடி பிரயாணம் செய்கின்றவர்களின் கணக்கைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தீர்மானிப்பது.

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வரலாமா என்றால், கூடாது. பக்கத்து ஆசனக்காரரின் மூக்குக்கும் தோளுக்கும் மரியாதை கொடுத்தாக வேண்டும். துவைத்த துணி, துவைத்த மேஜோடு, கழிப்பறைக்கு வெறுங்காலோடு போகாமை ஆகியவை பட்டுச் சட்டையைவிட முக்கியம். குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். இடுப்பு வாரைப் போர்வைக்கு மேலே கட்டினால் விமானச் சிப்பந்தி எழுப்பாமல் விடுவார். கைப்பையில் கசங்காத சட்டை ஒன்று வைத்திருந்து, காலைப் பலகாரத்துக்கு முன்பே போய் மாற்றிக்கொண்டால், இறங்குமிடத்தில் யார் முன்னும் தைரியமாய் நிற்கலாம். பலகாரத்துக்குப் பிறகு போனால் பத்துப் பேருக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

அந்த உடை மாற்றும் இடந்தான் எவ்வளவு? கதவை மூடினால் முழங்கையை மடக்க முடியாத ஒரு பெட்டி. 1939-ன் உடை மாற்றும் அறையை யாரும் திரும்பக் கொண்டுவருவதாகக் காணோம். விமான ஆசனங்களுக்கு இவ்வளவு அகலம், இவ்வளவு இடைவெளி குறையாமல் இருக்க வேண்டுமென்று அளவு வகுக்கும்படி அமெரிக்கக் காங்கிரசு 2018-ல் சட்டம் செய்தது. அதை வகுக்க வேண்டிய விமான இலாகா இந்த மந்திரியின் கீழேதான் இருக்கின்றது. அவர் பைஜாமாவைப் பற்றிப் பேசிய நாள் வரையில் அந்த அளவு வகுக்கப்படவில்லை.