ரேஷன் பாமாயிலில் மரபணு மாற்றம் இருக்கா? எந்த எண்ணெயில் கவனம் வேண்டும்?

"தக்காளி பத்து நாள் ஆனாலும் கெடவே மாட்டேங்குது, எல்லாம் மரபணு மாத்தினது" என்று வாட்ஸ்அப்பில் வரும் தகவலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உண்மை என்ன?

இந்தியாவில் எதற்கு அனுமதி?

2002-ல் வந்த பி.டி. பருத்தி மட்டும்தான் இங்கே வணிக ரீதியாகப் பயிராகிறது. பி.டி. கத்திரிக்காயை 2010 பிப்ரவரியில் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய நான்கு ரகங்களும் அதோடு நின்றன. கடையில் வாங்கும் தக்காளி பெரும்பாலும் ஹைபிரிட், அதாவது இரண்டு தக்காளி ரகங்களை இனக்கலப்பு செய்தது. அது ஜி.எம். கிடையாது.

அப்போ சாப்பாட்டில் எங்கே வருது?

எண்ணெயில். நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். சென்னைத் துறைமுகத்துக்கும் டேங்கர் கப்பல்களில் வந்து இறங்குகிறது.

வள்ளூர், அத்திப்பட்டு பக்கம் ரேஷனில் வாங்கும் பாமாயிலைப் பற்றிப் பயம் வேண்டாம். எண்ணெய்ப் பனையிலும் சூரியகாந்தியிலும் ஜி.எம். ரகம் சந்தைக்கு வரவில்லை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெயும் அப்படித்தான்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சோயா எண்ணெய். இது அதிகம் வருவது அர்ஜென்டினா, பிரேசிலில் இருந்து. அங்கே விளையும் சோயா கிட்டத்தட்ட எல்லாமே ஜி.எம். இன்னொன்று, பருத்தி விதை எண்ணெய். நம் நாட்டுப் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் பி.டி. ரகம்தான்.

சாப்பிட்டா ஆபத்தா?

சந்தையில் உள்ள ஜி.எம். உணவுகள் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியவை, உடலுக்குக் கேடு செய்ய வாய்ப்பில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவும் புரதமும் மிஞ்சுவதும் மிகக் குறைவு. எதிர்ப்பாளர்களோ, நிறுவனங்களைச் சாராத நீண்டகால ஆய்வு வேண்டும், விதை ஒரு சில கம்பெனிகளின் கைக்குப் போய்விடும் என்கிறார்கள்.

கோர்ட் என்ன சொன்னது?

2022 அக்டோபரில் ஜி.எம். கடுகுக்குக் கிடைத்த அனுமதி மீதான வழக்கில், 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். நாகரத்னா அனுமதியை ரத்து செய்தார், சஞ்சய் கரோல் செல்லும் என்றார். ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றுபட்டார்கள்: ஜி.எம். உணவு, குறிப்பாக எண்ணெய் இறக்குமதியில், லேபிள் பற்றிய சட்டப் பிரிவைப் பின்பற்றியே ஆக வேண்டும்.

லேபிளில் என்ன சிக்கல்?

ஜி.எம். உணவு பாக்கெட்டின் மேல் பகுதியில் அந்த எழுத்து இருக்க வேண்டும் என்ற விதி 2013 ஜனவரியிலேயே வந்துவிட்டது. 1 சதவீதமோ அதற்கு மேலோ கலந்திருந்தால் லேபிள் கட்டாயம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் ஒரு வரைவும் வெளியிட்டது. ஆனாலும் எண்ணெய் பாக்கெட்டில் அந்த எழுத்தைப் பார்ப்பது அபூர்வம். எண்ணெயில் மரபணுத் தடயம் மிகக் குறைவாகவே மிஞ்சுவதால் சோதித்துக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். எந்த விதையில் ஆட்டியது என்ற கணக்கைக் கப்பலில் இருந்தே வைத்தால்தான் வழி.

ஜி.எம். நல்லதா கெட்டதா என்ற விவாதம் இப்போதைக்கு முடியாது. ஆனால் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: எண்ணெய், சிப்ஸ், மிக்சர் பாக்கெட்டைத் திருப்பி, 'சோயா', 'பருத்தி விதை' என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு வாங்குவதும் விடுவதும் உங்கள் முடிவு.