கண்ணாடியா, லென்ஸா?



"சோடாபுட்டி" என்ற கேலிக்குப் பயந்து, காண்டாக்ட் லென்ஸ் வேணும்னு வீட்டில் அடம்பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. யோசித்த பிறகு மனசு மாறிட்டு.

நாம குளத்துல முங்கிக் குளிப்போம். திற்பரப்பு அருவியிலும் நிப்போம். தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிரி லென்ஸுக்கு அடியில் தங்கினால் கருவிழி புண்ணாகும், பார்வையே போகலாம். குழாய்த் தண்ணியில லென்ஸைக் கழுவினாலும் இதே ஆபத்துதான். போட்டுட்டே தூங்கவும் கூடாது.

கபடி, நடனத்துக்கு லென்ஸ் வசதிதான். கண் டாக்டர் சம்மதித்தால், ஒரே நாள் போட்டு எறியும் வகை நல்லது. தினசரிக்கு என் ஓட்டு கண்ணாடிக்கே!

கூட்டுக்காரியின் கண்ணாடியைக் கேலி பண்ணுவதை நாம் நிறுத்தினாலே பலருக்கு லென்ஸ் தேவைப்படாது, மக்கா!

- 10-ஆம் வகுப்பு மாணவி