புறப்படும் முன் தடுப்பூசி அட்டை

வெளிநாட்டுப் பயணத்துக்கு விமானச்சீட்டை மாதக்கணக்கில் முன்கூட்டியே எடுக்கிற குடும்பங்கள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் புறப்படும் வாரத்தில்தான் தேடுகின்றன. அது மிகவும் தாமதம்.

கென்யாவுக்கோ உகாண்டாவுக்கோ செல்வோருக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவை. போட்டு 10 நாள்கள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். சான்றிதழ் இல்லாமல் திரும்புவோரை இந்திய விமான நிலையத்தில் 6 நாள்கள் வரை தனிமைப்படுத்த விதி உண்டு. இந்த ஊசி எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்காது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களுக்கே போக வேண்டும். 2016 முதல் இச்சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும் என்பதால், பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நம்மை அதிகம் கவலைப்படுத்துவது தட்டம்மை. நோயாளி வெளியேறிய பின்னும் 2 மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். 9 மாதத்தில் முதல் தவணையைப் போட்டுவிடும் பெற்றோர் சிலர், 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். 9 மாதம் நிரம்பாத குழந்தையோடு செல்வோர் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது.

பெரியவர்களை யாரும் நினைப்பதே இல்லை. மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா செல்லும் அம்மா, கக்குவான் தடுப்பூசியைக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் போட்டுக்கொண்டால், பச்சிளம் பேரக்குழந்தைக்கு நோயைக் கொண்டுபோகும் வாய்ப்பு குறையும்.

மாவட்ட அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் பயணத் தடுப்பூசி ஆலோசனைக்கென ஒரு பிரிவை அரசு திறக்க வேண்டும்.