தோளுக்கு மதிப்பெண் போடவேண்டியது யார்?

கார்த்திகை பிறந்தால் கீழ்ப்பழனி மலையிலுள்ள பண்ணைக்காட்டில் காபிப் பழம் பறிக்கும் வேலை சூடுபிடிக்கும். அது ஓயும்போது மிளகு காத்திருக்கும். சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாத்தி, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தலைக்கு மேலே நீட்டிச் சரம் சரமாகப் பறிக்க வேண்டும். சவ்சவ் பந்தலுக்கடியில் நிற்பவர்களுக்கு அண்ணாந்த தலையும் உயர்த்திய கையுமாகவே பொழுது போகும். மலைவாழைத் தாரை வெட்டினால், அதைச் சரிவிலிருந்து சாலைக்குத் தோளிலோ தலையிலோ கொண்டுவந்து சேர்க்க வேண்டும். 2008இல் புவிசார் குறியீடு பெற்ற விருப்பாச்சி மலைவாழையும், கீழ்ப்பழனி மலையின் காபியும் மிளகும் மனிதத் தோள்களின் வழியாகத்தான் சந்தைக்கு வருகின்றன.

அந்தத் தோள் கெட்டுப்போனால், எவ்வளவு கெட்டது, சிகிச்சைக்குப் பிறகு எவ்வளவு தேறியது என்பதை எதை வைத்து அளப்பது? மருத்துவர்களுக்குள் மட்டும் பேசி முடிக்கிற நுணுக்கம்போல இது தோன்றலாம். ஆனால் கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு மறுபடி ஏணியில் ஏற முடியுமா முடியாதா என்பது இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

தோள் மூட்டின் பந்தை அதன் குழியில் பிடித்து நிறுத்துபவை நான்கு சிறிய தசைகளும் அவற்றின் தசைநாண்களும். ஆங்கில மருத்துவம் இந்தத் தொகுதியை ரோட்டேட்டர் கஃப் என்கிறது. ‘தோள்பட்டை ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்று நம் ஊர்களில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வயது ஏற ஏற இந்த நாண்கள் தேய்கின்றன. கையைத் தோளுக்கு மேலே தூக்கிச் செய்யும் வேலையும் பாரம் தூக்குவதும் அந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துகின்றன. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் தம் பங்குக்குச் சேர்ந்துகொள்கின்றன. வலி பகலைவிட இரவில் கடுமையாக இருக்கும். அந்தப் பக்கமாகப் புரண்டு படுத்தால் தூக்கம் போய்விடும்.

மருத்துவமனையில் முதலில் கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். வசதி இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். படத்தில் கிழிசல் தெரிந்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிட்டதுபோல நோயாளியும் குடும்பமும் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையை அசைத்த ஆய்வு ஒன்று 1995இல் அமெரிக்காவில் வெளியானது. தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 34 சதவீதம் பேருக்கு ஜவ்வில் கிழிசல் இருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் அது 54 சதவீதம். வலியே இல்லாதவர்களுக்குக் கிழிசல். சிறு கிழிசலோடு தூங்க முடியாமல் தவிப்பவர்கள் இன்னொரு பக்கம். கிழிசலின் அளவும் வேதனையின் அளவும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பதை அடிபடாமல் ஜவ்வு கிழிந்தவர்களிடம் பின்னர் நடந்த ஆய்வுகளும் காட்டின.

அப்படியானால் வேதனையை அளக்க, வேதனைப்படுகிறவரைத்தான் கேட்க வேண்டும். எலும்பு மருத்துவம் இந்த முடிவுக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 1987இல் வெளியான கான்ஸ்டன்ட் மதிப்பெண் முறையில் மொத்தம் 100. அதில் நோயாளி சொல்வதற்கு 35, மருத்துவர் அளந்து பார்ப்பதற்கு 65. நான்கு ஆண்டுகளில், முழுக்க நோயாளியே நிரப்பும் ‘ஸ்பாடி’ வினாத்தாள் வந்தது. வலியைப் பற்றி 5 கேள்விகள், முடியாமையைப் பற்றி 8 கேள்விகள். கூட்டினால் 0 முதல் 100 வரை. மதிப்பெண் ஏற ஏறத் தோளின் நிலை மோசம் என்று பொருள். 1996இல் 30 கேள்விகள் கொண்ட ‘டேஷ்’, 12 கேள்விகள் கொண்ட ஆக்ஸ்ஃபோர்டு தோள் மதிப்பெண் ஆகியவை வந்தன. ரோட்டேட்டர் கஃப் நோய்க்கென்றே கனடாவில் உருவான ‘வொர்க்’ வினாத்தாளில் உடல் உபாதை, விளையாட்டு, வேலை, அன்றாட வாழ்க்கை, மனநிலை என ஐந்து பிரிவுகள், 21 கேள்விகள்.

இந்தக் காகிதங்களுக்கு அறுவை அரங்கின் கதவைச் சாத்தும் வலிமை உண்டு. தோள் எலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கி இடம் உண்டாக்கும் துளை அறுவை சிகிச்சை பல ஆண்டுகளாக உலகெங்கும் தாராளமாகச் செய்யப்பட்டு வந்தது. பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 313 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு அந்த அறுவை, இன்னொன்றுக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்ததோடு சரி, மூன்றாவதற்குச் சிகிச்சையே இல்லை. ஆறு மாதம் கழித்து ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பெண்ணை ஒப்பிட்டார்கள். அந்த முறையில் 48 என்றால் நல்ல தோள். செதுக்கிய குழுவுக்கு 32.7, பார்த்ததோடு விட்ட குழுவுக்கு 34.2, ஒன்றும் செய்யாத குழுவுக்கு 29.4. நோயாளியின் வாழ்க்கையில் உணரத்தக்க வேறுபாடு இல்லை. 2018இல் ‘லான்செட்’ இதழில் இது வெளியானது. மறு ஆண்டே, அந்த அறுவையைச் செய்ய வேண்டாம் என்று ஒரு சர்வதேச நிபுணர் குழு உறுதியாகப் பரிந்துரைத்தது.

தமிழுக்கும் இதில் ஒரு நல்ல தொடக்கம் கிடைத்திருக்கிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் இயன்முறை மருத்துவத் துறையினர், ஸ்பாடியை உருவாக்கியவர்களில் ஒருவரான கேத்ரின் ரோச்சையும் சேர்த்துக்கொண்டு அதைத் தமிழில் தகவமைத்தார்கள். நோயாளிகளிடம் அதன் நம்பகத்தன்மையைச் சோதித்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லக்கூடிய, சோதித்துத் தேறிய அளவுகோல் ஒன்று பத்தாண்டுக்கும் மேலாக நம் கையில் இருக்கிறது. அரசு மருத்துவமனை முதல் ஆரம்ப சுகாதார நிலையம் வரை, தோள் வலியோடு வருகிற ஒவ்வொருவரின் சீட்டிலும் அந்த எண் இருக்க வேண்டும்.

அந்த எண்ணோடு நின்றுவிடவும் கூடாது. ஸ்பாடியின் மூலக் கேள்விகள் பிறந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1991ஆம் ஆண்டின் முதல் ஆய்வில் இருந்தவர்கள் 37 பேர், அனைவரும் ஆண்கள். கால்சட்டையின் பின் பையிலிருந்து ஒரு பொருளை எடுக்க எவ்வளவு சிரமம் என்பது அதில் ஒரு கேள்வி. 10 பவுண்டு எடையைத் தூக்குவது இன்னொன்று. அது நாலரைக் கிலோதான். ஒரு மலைவாழைத் தாரின் எடையில் பாதிகூட வராது. டேஷ் வினாத்தாள் கோல்ஃப், டென்னிஸ் பற்றிக் கேட்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு, கத்தியையும் முட்கரண்டியையும் ஒரே நேரத்தில் பிடித்துச் சாப்பிட முடிகிறதா என்று கேட்கிறது.

மொழிபெயர்ப்பவர்கள் இவற்றைத் திறமையாக மாற்றிவிட முடியும். கேட்கப்படாமலே விடுபட்ட கேள்விகளை எந்த மொழிபெயர்ப்பும் கொண்டுவந்து சேர்த்துவிடாது. தலைமுடியை அலசவும், ஜாக்கெட் போடவும், அலமாரியில் டப்பா வைக்கவும் முடிகிற ஒரு பெண்ணுக்கு ஸ்பாடியில் நல்ல மதிப்பெண்ணே வரும். அதே பெண் பந்தலுக்கடியில் அரை மணி நேரம் கையைத் தூக்கி நிற்க முடியாமல் கூலியை இழந்துகொண்டிருக்கலாம். தான் செய்வதே இல்லாத ஒரு காரியத்தைக் கேட்டால், அந்தக் கேள்வியைப் பொருந்தாது என்று விட்டுவிடலாம். அது கணக்கிலிருந்து நீங்கிவிடும். அவர் நாள் முழுக்கச் செய்கிற காரியமோ கணக்குக்குள் நுழைவதே இல்லை.

சோதித்துத் தேறிய வினாத்தாளில் கைவைத்தால் மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாமல் போகும் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். நியாயமான கவலை. அதற்கான விடையும் சென்னையோடு தொடர்புடையதுதான். 1990களில் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் வினாத்தாளை உருவாக்கியபோது, ஒரு நாட்டில் எழுதி மற்ற நாடுகளில் மொழிபெயர்க்கும் வழியை விட்டுவிட்டது. உலகெங்கும் பதினைந்து மையங்களைத் தேர்ந்து, அங்கங்கே மக்களைக் கூட்டிப் பேசவைத்துக் கேள்விகளைத் திரட்டியது. அந்தப் பதினைந்தில் சென்னையும் ஒன்று. எல்லோருக்கும் பொதுவான கேள்விகள் அப்படியே இருக்க, ஒரு நாட்டுக்கே உரிய கேள்விகளைத் தனியே சேர்த்துக்கொள்ளவும் அந்த முறையில் இடம் இருந்தது.

அதே வழியில், தமிழ் ஸ்பாடியின் 13 கேள்விகளைத் தொடாமல், கீழே ஐந்தை மட்டும் தனிப் பகுதியாகச் சேர்க்கலாம். ஏணியில் நின்று மிளகு பறிக்க முடிகிறதா? பந்தலுக்கடியில் காய் பறிக்க முடிகிறதா? தாரையோ விறகுக் கட்டையோ ஒருவர் தூக்கிவிட, வாங்கிச் சுமக்க முடிகிறதா? கவாத்துக் கத்தியை ஓங்கி வெட்ட முடிகிறதா? தோள் வலியால் இந்த மாதம் எத்தனை நாள் கூலி போயிற்று? இவை ஒரு மாதிரிதான். இறுதிக் கேள்விகளைப் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் எழுத வேண்டும். இயன்முறை மருத்துவக் கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு இதைவிடப் பயனுள்ள தலைப்பு கிடைப்பது அரிது.

கேட்கும் விதத்திலும் அக்கறை வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு 80 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத மீதிப்பேரில் மலைத்தோட்டத்தில் வேலை செய்யும் மூத்த பெண்களும் இருப்பார்கள். அவர்கள் கையில் காகிதத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்வதில் பொருளில்லை. வாசித்துக் காட்டி, பொறுமையாகக் கேட்க வேண்டும். ‘பத்துக்கு எத்தனை’ என்ற கேள்விக்குத் தடுமாறுகிறவர்கள், ‘அரைவாசி குறைஞ்சிருக்கு, முக்கால்வாசி சரியாயிருச்சு’ என்று தெளிவாகச் சொல்வார்கள். அங்கிருந்து எண்ணுக்கு வருவதற்குக் கேட்பவருக்குப் பயிற்சி வேண்டும். மேஸ்திரியோ முதலாளியோ பக்கத்தில் நிற்கக் கூடாது. வேலை போய்விடும் என்ற பயத்தில் வலியை மறைப்பவரின் எண், அளவே எடுக்காததைவிடத் தவறான வழியைக் காட்டும்.

வீடு வீடாகக் கேட்பது இந்தியாவில் புதிதல்ல. மகாராஷ்டிரத்தின் பிக்வான் கிராமத்தில் 1996இல் மருத்துவர் அரவிந்த் சோப்ரா குழுவினர் உள்ளூர்த் தொண்டர்களைக் கொண்டு மூட்டு, தசை வலிகளைக் கேட்டுப் பதிந்தார்கள். வயதுவந்தோரில் சுமார் 18 சதவீதம் பேருக்கு அத்தகைய வலி இருந்தது தெரியவந்தது. கிராம மக்களின் வலி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்பதை எண்களோடு பேசவைத்த முயற்சி அது.

தமிழகத்தில் அதற்கான அமைப்பு ஏற்கெனவே இயங்குகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். அந்தச் சிகிச்சை தரும் பணியாளர் தோள் வலியோடு இருப்பவரை முதல் நாளில் பார்க்கும்போது ஒருமுறை, ஆறாவது வாரத்தில் ஒருமுறை, மூன்றாம் மாதத்தில் ஒருமுறை இந்தக் கேள்விகளைக் கேட்டுக் குறித்துவைக்கலாம். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான் ஆகும். ஸ்பாடியில் 8 முதல் 13 மதிப்பெண் குறைந்தால் அதை நோயாளி உணரத்தக்க முன்னேற்றம் என்று கொள்கிறார்கள். மூன்று மாதத்தில் அந்த அளவு குறையாதவரைக் காத்திருக்கவைக்காமல் எலும்பு மருத்துவரிடம் அனுப்பலாம். நன்றாகக் குறைகிறவருக்குக் கீழே நகரத்துக்குப் போய்வரும் பேருந்துச் செலவும், ஒரு நாள் கூலியும், தேவையில்லாத ஸ்கேனும் மிச்சம்.

அமெரிக்காவில் ஜவ்வு முழுதாகக் கிழிந்த 452 பேருக்கு உடற்பயிற்சி சிகிச்சை கொடுத்துப் பார்த்த ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் அறுவைக்குப் போனவர்கள் கால்வாசிக்கும் குறைவு. முறையான பயிற்சியால் தேறுகிறவர்கள் பெரும்பான்மை என்றால், அந்தப் பயிற்சி மலைக்கிராமத்துக்குப் போய்ச் சேர்கிறதா, சேர்ந்தபின் பலன் தருகிறதா என்று கண்காணிப்பது அரசின் கடமை. சுகாதாரத் துறை கொடைக்கானல் வட்டாரத்தில் ஒரு காபிப் பருவத்துக்கு இதை முன்னோட்டமாகச் செய்து பார்க்கலாம். தமிழ் ஸ்பாடி தயாராக இருக்கிறது, பணியாளர்கள் இருக்கிறார்கள், புதிதாக எழுத வேண்டியவை ஐந்து கேள்விகள். அடுத்த பறிப்பு தொடங்குவதற்குள் அவற்றை எழுதி முடிக்க முடியும்.