தேக்கு என்றால் போதுமா?

வாசல் நிலைக்கு மரம் வாங்கும்போது, “தேக்குதானே?” என்று கேட்டேன். “தேக்குதான் சார்” என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் இளம் மரம், பாதி வெளிறிய மேல்மரம். பாலிஷ் அதை மறைத்துவிட்டது. இரண்டே மழைக்காலத்தில் உளுத்து மாவு கொட்டியது. ஆயுள் முழுவதும் கோப்புகளைச் சரிபார்த்தவன், மரத்தைச் சரிபார்க்கத் தவறினேன்.

தேக்கா என்று கேட்டால் போதாது. வைரம் பாய்ந்ததா என்று கேட்க வேண்டும். பாலிஷ் போட்ட மரத்தை வாங்காதீர்கள். சாயம் பூசினால் எந்த மரமும் தேக்குதான். ஓரத்தில் சற்று இழைக்கச் சொல்லுங்கள். பொன்பழுப்பு நிறம், கையில் எண்ணெய்ப்பசை, பதனிட்ட தோல் போன்ற வாசனை, வெட்டுமுனையில் வளையங்கள். இத்தனையும் இருக்கிறதா பாருங்கள். இழைக்க மறுக்கும் கடையில் நிற்காதீர்கள். புதுச்சேரியில் பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் பர்மா தேக்கு உத்தரத்தை அறுத்து நிலை செய்வதே மேல் என்பேன்.