மறைப்பதா மானம்?

உடலில் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் ஓடுகிறோம். மகன் காதில் இல்லாத குரல்கள் ஒலித்தால் வீட்டுக் கதவைச் சாத்துகிறோம். சிராங்கூன் சாலைக் கோயில்களில் வேண்டிக்கொள்வதை நான் குறை கூறவில்லை. வேண்டுதலோடு நின்றுவிடுவதையே கண்டிக்கிறேன்.

1928இல் இயோ சூ காங் பகுதியில் தோன்றிய மனநோய் மருத்துவமனை, 1951இல் 'உட்பிரிட்ஜ்' எனப் பெயர் பெற்றது. மரப்பாலத்தைக் குறித்த அப்பெயரை இந்நகரத்தார் வசைச்சொல்லாக்கினர். 1993இல் அது புவாங்கோக்கில் மனநலக் கழகமாயிற்று. பெயர் மாறியது, நம் நாவு மாறியதா?

'தங்கையின் திருமணம் தடைப்படுமே' என்று அஞ்சுகின்றனர் பெற்றோர். அவ்வச்சத்தை வளர்த்தவர் யார்? சுற்றத்தாராகிய நாமே! கடல் கடந்து வந்த குடும்பத்திற்குத் தோள்கொடுக்கப் பாட்டியும் சித்தப்பாவும் அருகில் இல்லை. தாயொருத்தியே இரவெல்லாம் விழித்திருக்கிறாள்.

மனச்சிதைவு போன்ற நோய்களைத் தொடக்கத்திலேயே கண்டு மருத்துவம் செய்யும் திட்டம் இங்கு 2001இல் தொடங்கிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், தமிழகத்து ஏர்வாடியில், குணம் நாடி அழைத்துவரப்பட்டுச் சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 25 பேருக்கும் மேல் தீயில் கருகி மாண்டனர். தப்பியோடச் சங்கிலி விடவில்லை. பூட்டிய அறையும் சங்கிலியே அன்றோ?

தமிழாசிரியப் பெருமக்களே! இறைவனையே பித்தன் எனப் போற்றிய மொழி நம்முடையது. அம்மொழியைக் கற்பிக்கும் நாமே 'பைத்தியமே' என்று மாணவனை அதட்டலாமா? அவ்வசையை முதலில் வகுப்பறையிலிருந்து விரட்டுவோம். ஊரார் ஏளனம் ஒழிந்தால், அந்தத் தாய் கதவைத் திறப்பாள். மகனும் மருத்துவரைக் காண்பான்.